பிரசவித்த அப்பனும் பத்தொன்பது விருந்தாளிகளும்

யாக்கோமினாவின் வீட்டுத் தரை இடிந்தால் அது என் தலையில்தான் விழும். அவள் இரண்டாம் மாடி, நான் அவளுக்கு நேர் கீழே. ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் சீரிக்சே ஊரில் யாரும் கிடையாது.

முப்பத்தொரு வருஷம் ஊர்க் கால்வாயின் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கியவள் அவள். பாய்மரப் படகு ஒன்று வந்துவிட்டால் போதும், மேயரின் காரானாலும் நிற்க வேண்டியதுதான். ஹாரன் அடித்தால் பாலம் இன்னும் மெதுவாக இறங்கும். அப்படி ஹாரன் அடித்த மாப்பிள்ளை ஒருவன் மறுவாரம்தான் மணமேடைக்குப் போய்ச் சேர்ந்தான் என்பார்கள். நான் நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற மாதமே நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புநீர் நிரப்பி, பண்ணையில் பிறந்த கடற்குதிரை ஜோடியை அதில் விட்டாள். இந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

பார்க்க வேண்டிய ஜோடிதான். விடிந்ததும் பெண் ஆணிடம் வரும். இரண்டும் மஞ்சளாகப் பளபளத்து, ஒரே புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, தட்டாமாலை ஆடும். ஆட்டம் முடிந்தால் பெண் தன் மூலைக்குப் போய்விடும். முட்டையைச் சுமப்பது ஆண், தன் முன்புறத்துப் பையில். இரண்டுக்கும் இரைப்பை என்ற உறுப்பே கிடையாது, ஆகவே பசி ஓய்வதும் கிடையாது. யாக்கோமினா ஒரு நாளைக்கு ஐந்து முறை உயிருள்ள பொடி இறால் கொடுப்பாள். செத்த இறாலைப் போட்டால் ஆண் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீலமாக்கரின் கடிதம் வந்தது. அரை டன்னுக்கு மேல் எந்த வீட்டுத் தரையும் தாங்காது, உங்கள் தொட்டி அதைத் தாண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்வையிட்டு, தொட்டியை அகற்ற நாள் குறிப்பேன்.

தொட்டி போனால் ஜோடி போகும். அவற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

"போகாது" என்றாள் யாக்கோமினா. அவ்வளவுதான்.

புதன்கிழமை விடிகாலையில் ஆணுக்கு வலி எடுத்தது. முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, பையிலிருந்து கண்ணிமை மயிரளவுக் குஞ்சுகளைப் புகை போல ஊதித் தள்ளியது. நானூறு என்றாள் யாக்கோமினா. நான் எண்ணூறு என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மறுநாள் எல்லா அஞ்சல் பெட்டியிலும் பிறப்பு அட்டை விழுந்தது. ‘தந்தை நலம். குழந்தை பார்க்க வாருங்கள். சனிக்கிழமை, காலை பத்து.’ பிள்ளை பிறந்த வீட்டுக்கு இங்கே அடையாளமான மர நாரை ஒன்றும் ஜன்னலில் நின்றது.

இங்கே பத்து என்றால் பத்து. ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டார்கள், பிந்தவும் மாட்டார்கள். பத்தொன்பது பேரும் ஒரே மூச்சில் உள்ளே நுழைந்தோம். இருபதாவது ஆளாக, கையில் அளவு நாடாவோடு வீலமாக்கர்.

"இது என்ன கூட்டம்?"

"குழந்தை பாக்க வந்திருக்காங்க. நீங்களும் வாழ்த்து சொல்லிட்டு ரஸ்க் எடுத்துக்குங்க."

வெண்ணெய் தடவி, மேலே நீலமும் இளஞ்சிவப்புமாகச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க், பிள்ளை பிறந்த வீட்டில் இங்கே தருவது. ஆணா பெண்ணா என்று யார் கண்டது? காபிக்கு ஒரே பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடும் ஊரில் அன்று ஆளுக்கு மூன்று கிடைத்தது. யாரும் நகரவில்லை.

"யாரு பெத்த குழந்தை?" என்றார் வீலமாக்கர்.

"அதோ, புல்லைப் புடிச்சுக்கிட்டு தொங்குறாரே, அவரு."

சிப்பிப் படகுக்கார மரினுஸ் குனிந்து பார்த்தான். "பாவம், ராத்திரி பூரா தூங்காதவன் மூஞ்சி. என் பெரியவன் பொறந்தப்ப நானும் இப்படித்தான் இருந்தேன்."

"மரினுஸ், நீ எத்தனை கிலோ?" என்றாள் யாக்கோமினா.

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

"நூத்தி முப்பத்தஞ்சு."

"உன் பொண்டாட்டி?"

"அதைச் சொன்னா எனக்கு இன்னிக்கு உருளைக்கிழங்கு கிடையாது."

சிரிப்பில் அறை குலுங்கியது. தரை குலுங்கவில்லை. யாக்கோமினா தலைவரிடம் திரும்பினாள்.

"சராசரியா எழுபத்தஞ்சு வெச்சுக்குங்க. இருபது பேரு. ஒன்றரை டன். தொட்டி தனி. அரை டன்தான் தாங்கும்னு எழுதினது நீங்கதானே?"

வீலமாக்கர் தம் காலடியைப் பார்த்தார். "நீங்க வேணும்னே பண்ணியிருக்கீங்க, அம்மா."

"ஆமா, வேணும்னேதான். பயமா இருந்தா நீங்க முதல்ல எறங்குங்க. பாரம் கொறையும்."

"சங்கத்துல விதின்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கு எடை கிடையாது."

"கீழ் வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?" என்று அவர் என்னைப் பிடித்தார்.

"என் கூரைக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றேன், வாயில் மூன்றாவது ரஸ்க்கோடு.

அவர் தம் ரஸ்க்கில் பாதியைத் தின்றார். தின்னாமல் போனால் பிறந்த பிள்ளைக்கு அவமரியாதை. அவ்வளவு தூரம் அவராலும் போக முடியாது. நாள் குறிக்க வேண்டிய தாளில் ஒன்றும் எழுதாமல் மடித்துக்கொண்டு இறங்கினார்.

குஞ்சுகளில் ஏழுதான் பிழைத்தன. எதையும் பிடித்தால் விடாத ஒன்றுக்கு யாக்கோமினா வீலமாக்கர் என்று பெயர் வைத்தாள். அவர் இன்னமும் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறார். தொட்டியில் நாலு வாரத்துக்கு ஒரு பிரசவம். ஒவ்வொரு முறையும் முதல் அட்டை அவர் வீட்டுக்குத்தான் போகிறது.