ஒரே ஒரு ஆர். பழனிச்சாமி

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு ரத்ததானச் சங்கத்தில், ரத்தம் கொடுப்பவர்களின் விவர அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பல பேர் டைப் செய்த ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்தபோது, பெயர், இனிஷியல், ஊர், போன் நம்பர் நான்கும் ஒத்துப்போனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்படி புரோகிராம் எழுதினேன். ரத்த வகையை ஒப்பிடத் தோன்றவில்லை. இரட்டைப் பதிவுக் குப்பையெல்லாம் போய்விட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் ஒருவரையும் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் பக்கத்திலேயே நின்றார். நான் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். கிளார்க் மேரி பழைய அட்டைப்பெட்டியைக் கிளறி, "சோமனூர் ஆர். பழனிச்சாமி, ஓ நெகட்டிவ்னு இருக்குதுங்களே" என்றார். என் திரையில் சோமனூர் ஆர். பழனிச்சாமி பி பாசிட்டிவ்.

ஓ நெகட்டிவ் வேண்டும் என்று போன் செய்தோம். தறிச் சத்தத்துக்கு நடுவே "வாரனுங்க" என்றவர் நேரே வந்து ரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நடந்ததை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க ஊட்டுல எங்கப்பனோட சேத்து அண்ணந்தம்பி மூணு பேருங்க. ராமசாமி, ரங்கசாமி, ராமலிங்கம். மூணு பேரும் மூத்த பையனுக்குத் தாத்தன் பேரையே வெச்சுப்போட்டாங்க. போனும் ஒண்ணுதானுங்க. நாங்க மூணு பேருமே கார்டு எழுதிக் குடுத்தமுங்க."

மூன்று பேர். நன்றி சொல்லக்கூட நிற்காமல் அட்டைப்பெட்டியிடம் ஓடினேன். இன்னும் எத்தனை வீடுகளில் யார் யாரை அழித்தேன் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.

அதை எடைக்குப் போடச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, மேரி என் பேச்சைக் கேட்கவில்லை.