நின்று வாசிக்கும் பிடில்

மே மாதத்தில் ஏற்காட்டு ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. சேலத்து வெயிலுக்குத் தப்பி வந்தவர்கள் தொப்பியும் மாங்காய்க் கீற்றுமாக நிறைந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நின்றபோதுதான் பஜ்ஜிக்கடைச் சுவரில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். கோடை பிடில் முகாம், ஏழு நாள், வயது வரம்பு இல்லை. கடைசி மூன்று சொற்களையும் நான் மூன்று முறை படித்திருப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கொட்டச்சேட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த நாட்களில், மாலையில் ஓர் இசைப்பள்ளிக்குப் போய் மூன்று வருடம் வயலின் கற்றுக்கொண்டேன். வேலை வந்தது, கல்யாணம் வந்தது, வயலின் பீரோ மேல் ஏறிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டியைத் துடைப்பேன். திறந்து பார்க்கமாட்டேன்.

என் கணவர் அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுபவர். அன்று சாப்பிடும்போது அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஏம்புள்ள, போறதுன்னா போ. ஏழு நாளு சோறாக்க எனக்குத் தெரியாதா?"

"அங்க பூரா சின்னப் புள்ளைங்களா இருக்குமுங்க."

"நீ தினமும் சின்னப் புள்ளைங்களோடதான இருக்கற?"

கையைக் கழுவிவிட்டு, பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தின் விடுதிக் கூடத்தில் நடந்தது. உயரமான ஜன்னல்கள், வெளியே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக்கொடி. போனபோது இருபது பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் இருந்த ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பெங்களூரில் வளர்ந்தவள், வீட்டில் பேசிய தமிழ். அயர்லாந்தில் இரண்டு வருடம் தங்கிக் கிராமத்து ஆட்டப் பாட்டுகளைப் பிடிலில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

பெட்டியைத் திறந்தேன். கை தானாகவே பழைய வேலையைச் செய்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, விரல் வழுக்கிப் போவதற்காக ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தால், மொத்தக் கூடமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது.

"அக்கா, இங்க நின்னுதான் வாசிப்போம்," என்றாள் ஆசிரியை, மெதுவாக.

நின்றேன். கைப்பிடிச் சுவர் இல்லாத பாறை விளிம்பில் நிற்பதுபோல் இருந்தது. வயலின் தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போனால் விரல் நழுவியது. விரலைப் பிடித்தால் வில் கோணியது. போதாக்குறைக்கு என் சுரங்கள் எல்லாம் கமகத்தோடு அசைந்து அசைந்து வந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதற்காகவே மூன்று வருடம் பாடுபட்ட விரல்கள் அவை. இந்தப் பாட்டோ துள்ளித் துள்ளிப் போவது.

"அக்கா, சுரம் தூங்குது. எழுப்புங்க," என்றாள் ஆசிரியை.

என்னோடு ஒரே தாளைப் பார்த்து வாசித்தவள் சென்னையிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமி. இரண்டாம் நாளே அவள் என்னை முழுதாக எடை போட்டுவிட்டாள்.

"ஆண்ட்டி, நீங்க காலத் தட்டவே மாட்டேங்கறீங்க. பாட்டு கீழேர்ந்து வரணும்."

"கால் வலிக்குதும்மா."

"தட்டாததாலதான் வலிக்குது."

மூன்றாம் நாள் மதியம் மூடுபனி இறங்கியது. முதலில் ஓக் மரங்களைக் காணோம், பிறகு ஜன்னலைக் காணோம். பனி கூடத்துக்குள்ளேயே வந்து பிள்ளைகளின் முழங்கால் வரை நின்றது. எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தோம். ஆசிரியை என் பக்கம் வந்து, "உட்காருங்க அக்கா. நானும் உட்கார்றேன்," என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வெள்ளையான குளம் ஒன்றில் கழுத்தளவு அமிழ்ந்ததுபோல் இருந்தோம்.

அவள் அந்தத் துள்ளல் பாட்டை மிக மெதுவாக வாசித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "தகிட, தகிட."

அவள் வில் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"மும்மூணா வருதில்லைங்களா? எங்க கணக்குல அது தகிட."

அரை மணி நேரம் கூடம் முழுக்கத் தகிடதான். பனிக்குள்ளிருந்து இருபது பிள்ளைக் குரல்கள் அதைச் சொன்னதைக் கேட்டபோது, எங்கோ தொலைவில் சிறு சிறு கல் உருள்வதுபோல் இருந்தது. அந்த லயத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். வயலின் தோளிலேயே இருந்தது. சிறுமி குனிந்து என் காலைப் பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாதது அந்த முகாமில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

அடுத்த கோடை முகாமுக்குச் சுவீடனிலிருந்து ஒருவர் கற்றுத்தர வந்தார். நெட்டையான மனிதர், பேச்சே கிடையாது. அவர் ஊர்ப் பாட்டிலும் மூன்று தட்டுகள்தாம். ஆனால் மூன்றும் சமமாக இல்லை. ஒன்று குட்டை, அடுத்தது நீளம், மூன்றாவது எப்போது விழும் என்று தெரியாது. தாளம் என்றால் அளவு என்று கற்றவள் நான். விரல்விட்டு எண்ணினேன், தொடையில் தட்டினேன். எண்ணிக்கை சரியாக வரும், பாட்டு வராது. சரளி வரிசை படிக்கும் முதல் நாள் போல நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. அடிவாரத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரக் கணவர் கிளம்பினார். மனம் சரியில்லாததால் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அந்தப் பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் கியரைக் குறைத்தார். வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்தது, வளைவின் வயிற்றில் நீளமாகச் சாய்ந்தது, பிறகு சட்டென்று விடுபட்டு இறங்கியது. குட்டை, நீளம், விடுதலை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏனுங்க, இப்ப எறங்குன மாதிரியே இன்னொருக்கா எறங்குங்க."

"போன வளைவு திரும்பி வருமா? அடுத்தது வரும், இரு."

அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் முணுமுணுத்தேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். மரங்கள், பாறையில் உட்கார்ந்திருந்த குரங்குகள், கீழே வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்த சேலம் எல்லாமே சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்தன. அடிவாரத்தில் வண்டி நின்ற பிறகும் என் உடம்பு வளைந்துகொண்டிருந்தது.

மறுநாள் வாசித்துக் காட்டினேன். நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் ஆசிரியையிடம் ஏதோ கேட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறார் அக்கா."

"ஜீப்புலன்னு சொல்லுங்க."

அவள் அதைச் சொன்னதும் அவர் முதன்முறையாகச் சிரித்தார். அதோடு விடவில்லை, ஜீப்பில் போகவேண்டும் என்றார். ஒருநாள் காலையில் என் கணவருக்குப் பக்கத்தில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, அடிவாரம் போய்த் திரும்பி வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. வீட்டுக்கு வந்த கணவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நொம்ப நல்ல மனுசன்," என்றார். "பேசவே இல்ல."

மூன்றாவது கோடையில், கடைசி நாள் எங்காவது திறந்த வெளியில் வாசிக்கலாம் என்று ஆசிரியை ஆசைப்பட்டாள். எங்கள் பள்ளி மைதானத்தைச் சொன்னேன். தலைமையாசிரியர் சரி என்றார். நாலு மணிக்கு எஸ்டேட் வேலை விட்டதும் அம்மா வந்தாள். அவளோடு லைன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர், களைக்கொத்தைக்கூட வீட்டில் வைக்காமல் வந்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி நாட்களில் நான் வயலின் கற்கப் போகிறேன் என்றதும் அம்மாவிடம் ஒரு கேள்விதான் இருந்தது, "அது எதுக்குச் சாமி?" என்று. அதற்கு அன்று நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு நான் வாசித்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வரச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, நான்.

பிள்ளைகள் வாசித்தார்கள். பிறகு என் முறை. காப்பிச் செடிகளுக்கு மேலே பனி கூடிக்கொண்டிருந்தது. முதலில் எடுத்த அந்தத் தகிடப் பாட்டின் நடுவிலேயே மிக மெல்லிய தந்தி படீரென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. கை நின்றுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியையைப் பார்த்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போது மைதானத்தில் ஒரு கைத்தட்டல் கேட்டது. பாராட்டு இல்லை. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று கும்மிக்கு அடிக்கும் தட்டு. அம்மாதான். நான் விட்ட இடத்தில் பாட்டு கீழே விழாமல் அவள் பிடித்து வைத்திருந்தாள். அவள் அருகில் இருந்தவளும் சேர்ந்தாள். அப்புறம் பத்துப் பேரும்.

மிச்சமிருந்த மூன்று தந்திகளில், கீழ் ஸ்தாயியில், பாட்டைத் தொடர்ந்தேன். வயலினின் குரல் கனத்துப் போன மாதிரி இருந்தது. அந்தக் கனத்துக்கு விரல்கள் தாமாகவே பழையபடி இழைந்தன. சுரத்தை எழுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெண்கள் எழுந்து வட்டமாகி, குனிந்து தட்டி நிமிர்ந்து தட்டி ஆடினார்கள். ஆசிரியை தன் பிடிலை எடுத்து என்னோடு சேர்ந்தாள். எத்தனை சுற்று வாசித்தோம் என்று தெரியாது. பனி வந்து மூடியபோது பெண்கள் தெரியவில்லை, தட்டு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

முடிந்ததும் அம்மா வந்து என் கன்னத்துக் கீறலை முந்தானையால் ஒற்றினாள்.

"இந்தப் பாட்டுக்கு வார்த்தை இல்லையா கண்ணு?"

"இல்லம்மா. வெறும் ஆட்டத்துக்கு வாசிக்கறது."

"அய்யோ பாவம்," என்றாள், அனாதைப் பிள்ளையைப் பார்த்தவள்போல. "நாங்க போட்டுக்கறோம் போ."

அங்கேயே போட்டார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் இழுத்தார்கள்.

"மழ வந்தாக் களையெடுப்பு, மழ நின்னா மொளகெடுப்பு,
ரைட்டரு வாராருன்னு குனிஞ்சு நில்லடி."

அர்த்தம் கேட்ட ஆசிரியைக்கு, ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி வேலை வாங்குபவர் என்று சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடம் அந்தப் பாட்டை எங்கெல்லாமோ வாசித்திருக்கிறாளாம், அதற்குள் ஒரு ரைட்டர் இருந்தது தெரியாமல் போய்விட்டதாம்.

பிள்ளைகளின் பஸ் கிளம்பியது. பெண்கள் காப்பித் தோட்டத்து வழியில் மேட்டைப் பார்த்து நடந்தார்கள். நான் வில்லின் முடியைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்தேன். பனிக்குள் ஆட்களைக் காணோம். பாட்டு மட்டும், போகப் போகப் புதிய வரிகள் சேர்ந்து, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதில் அம்மாவின் குரல் எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன். முடியவில்லை.