விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்

கணவர் இறந்தபின் வேலைக்காகக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். திருக்காட்டுப்பள்ளி வீட்டில், பயிற்சிக்காக, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உருவாக்கி அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றப் பார்த்தால், 'டிஸ்க் இல்லை' என்று நின்றுவிட்டது. நாலு தடவை முயன்று எரிச்சலாகி, யுஎஸ்பியில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கையே அதற்குக் கொடுத்தேன். 'டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா?' என்று கேட்டது. உள்ளே எதை அழித்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது என்ற நினைப்பில் 'ஆம்' பக்கம் மவுஸை நகர்த்தினேன்.

அந்த டிஸ்க்கிலிருந்து வீடியோ ஒன்றைப் பிரதியெடுக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், "அண்ணி, அண்ணன் நடவு வயல்ல நின்னு பேசினது இந்த டிஸ்க்லதானே இருக்கு?" என்றாள்.

அழியப்போவது வெளியே இருக்கும் நிஜ டிஸ்க்தான் என்று அப்போதுதான் உறைத்தது; 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

அன்றே பிரதியெடுத்து நாத்தனாரிடம் கொடுத்தேன். இப்போதெல்லாம் அந்த டிஸ்க்கைப் பீரோவில் பூட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன். அந்த வீடியோவைத் திறக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.