ஐந்தாவது பாட்டில் ஒரு டிரம் அடி

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா லோகோ பைலட். டியூட்டிக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா, அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஹைதராபாத் போயிருந்தார். நான் அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். "கையை நீட்டுங்க, இறுக்கி மூடுங்க" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசாமலே போய்விடும் நாட்கள் எனக்கு உண்டு.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் என் முதல் ஆல்பத்தை முடித்தேன். எட்டுப் பாட்டு. எழுதியது, மெட்டுப் போட்டது, கிட்டார் வாசித்தது, பாடியது எல்லாம் நானே. ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது எனக்கே சொல்லத் தெரியவில்லை. கிட்டார் கரகரவென்று ஓட, நடுவில் ஒரு பெண் தனக்குத் தானே புலம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைக் கட்டி, ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் பாடிப் பதிவு செய்வேன்.

கல்லூரியில் மூன்று பேராக ஒரு இசைக்குழு ஆரம்பித்திருந்தோம். ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். டிரம்ஸ் வாசித்தவன் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று காலையில், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, ஐந்தாவது பாட்டுக்கு மட்டும் வாசித்துக் கொடுத்தான். அந்தப் பாட்டு நடுவில் சட்டென்று நின்றுவிடும். இரண்டு நொடி சத்தமே இருக்காது. பிறகு டமார் என்று ஒரே அடி. ஆல்பம் முழுக்க உண்மையான டிரம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் லேப்டாப் போட்டது.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பெரியப்பா மகன் 'கேக்கறேன்' என்று பதில் போட்டான். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறான் போல. திருப்பூர்த் தோழி ஒரு இதயம் அனுப்பினாள். டிரம்ஸ்காரன் அதுகூட அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கேட்டவர்களில் பாதி நானாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. ஆடி முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்ல என்ன வெட்கம், அன்று நன்றாக அழுதேன்.

அந்த வாரம்தான் ஐந்தாவது பாட்டின் கீழே ஒரு கருத்து வந்தது.

"பாட்டு நல்லாருக்குங்க. தெனமும் எல்லாரும் கேக்கறோம். நடுவுல ஒரு அடி வருதுங்களே, அதை மட்டும் கொஞ்சம் கொறைக்க முடியுங்களா?"

இருபது தடவையாவது படித்திருப்பேன். முதலில் கோபம் வந்தது. இருப்பதே ஒரு டிரம், அதையும் குறைக்கச் சொல்ல இவர் யார்? கோபம் ஆறியதும் வேறு மாதிரி தோன்றியது. ஒருவர் ஐந்தாவது பாட்டு வரைக்கும் வந்திருக்கிறார். அதுவும் தினமும். அதுவும் எல்லாரும்! யாரோ இசை ஆசிரியர், பெரிய ஸ்பீக்கரில் போட்டு மாணவர்களோடு கேட்கிறார் என்று நானே ஒரு படம் போட்டுக்கொண்டேன். பதில் எழுதினேன், போன் நம்பர் வந்தது. கூப்பிட்டேன், எடுத்தது ஒரு பெண். நாமக்கல் பக்கம் ஊர் பெயரைச் சொல்லி, "ஒரு நாளைக்கு வாங்க, நேர்ல பாத்தா உங்களுக்கே புரியுமுங்க" என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என் படம் கலைந்துவிடும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சுடிதாரும் கிட்டார் பையுமாக பஸ் ஏறினேன். இசையில் மௌனத்துக்குப் பின் ஒரு அடி ஏன் தேவை என்று நாமக்கல் வரைக்கும் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். அங்கே டவுன் பஸ் மாறி, அவர் சொன்ன நிறுத்தத்தில் இறங்கினேன். ஸ்கூட்டியில் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். என் கிட்டாரைப் பார்த்ததும் கூச்சமாகச் சிரித்தார்.

வண்டி போய் நின்றது ஒரு கோழிப்பண்ணையில்.

செருப்பைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு அந்த நீளமான கொட்டகைக்குள் போனேன். வரிசை வரிசையாகக் கூண்டுகள், ஆயிரக்கணக்கில் கோழிகள். கம்பியில் கட்டித் தொங்கிய ஒரு பழைய ஸ்பீக்கரில் என் குரல் பாடிக்கொண்டிருந்தது.

"திடீர்னு சத்தம் கேட்டா கோழி பதறிக்குமுங்க. முட்டை கொறஞ்சு போயிரும். அதுக்குத்தான் எந்நேரமும் ஏதாச்சும் பாட விடறது. சினிமாப் பாட்டு திடுதிப்புனு ஏறி எறங்குதுங்க. உங்களுது ஒரே மாதிரி போகுது, இதுகளுக்கு ஒத்துக்கிச்சு."

ஒரே மாதிரி போகிறதாம்! எட்டுப் பாட்டுக்கு எட்டு விதமாக மெட்டுப் போட்டவள் நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், கிட்டார் பையைத் தரையில் வைக்கவும் முடியாமல் நின்றேன். அன்று ராத்திரிக்கே எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நினைத்ததும் நிஜம்.

அவர் அட்டையில் முட்டை பொறுக்கிக்கொண்டே பேசினார். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்கு மத்தியப் பிரதேசம் போய் ஏழு மாதம் ஆகிறது. வேலையாட்கள் காலையில் தீவனம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதன்பின் அவரும் கோழிகளும்தான். போனில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தபோது என் பாட்டு தானாக வந்ததாம்.

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில், பார்வையைத் தூக்காமலே அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஸ்பீக்கர் பக்கம் நடந்தார். பாட்டு சட்டென்று நிற்பதற்கும் அவர் கை குமிழைத் தொடுவதற்கும் சரியாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தார். அடி, தூரத்தில் யாரோ கதவைத் தட்டியது போல வந்து போனது. மறுபடி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவு துல்லியமாக அந்தப் பாட்டு எனக்கே தெரியாது.

"தெனமும் இப்படியா?" என்று கேட்டேன். "ஆமாங்க, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ."

"இந்தப் பாட்டைத் தள்ளிவிட்டுடலாமே?"

"அதெப்படிங்க உடறது? அதுலதான அந்த வரி வருது" என்றவர், முட்டையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பாடினார். "வெளக்குப் போட மறந்த ஊட்டுல நாந்தான் இருக்கேன், நாந்தான் இருக்கேன்."

மெட்டு தப்பு. நான் எழுதிய 'வீட்டுல', 'ஊட்டுல' ஆகியிருந்தது. அப்பா டியூட்டியில் இருந்த ஒரு சாயங்காலம், எழுந்து ஸ்விட்சைப் போடக்கூட மனமில்லாமல் உட்கார்ந்து எழுதிய வரி அது. கோழிகளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அவருக்காக மட்டும், அந்த அடியை எடுத்துவிட்டு ஐந்தாவது பாட்டைத் திருத்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து குரல் செய்தி வந்தது. பின்னால் கோழிச் சத்தம்.

"கோழி பதறலைங்க. ஆனா எனக்குத்தான் சரிப்படல. அந்த நேரத்துக்கு எந்திரிச்சுப் போயிப் பழகிருச்சு. இப்ப யாரும் கூப்புடாத மாதிரி இருக்குதுங்க. பழையதையே போட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

ஆல்பத்தை நான் அழிக்கவில்லை. கேட்பவர்கள் எண்ணிக்கையும் பெரிதாக ஏறவில்லை. இப்போதும் வீட்டில் தனியாகத்தான் உட்கார்ந்து பாடுகிறேன். ஆனால் லேபில் ஊசியோடு நிற்கும் ஏதாவது ஒரு நிமிடத்தில், நாமக்கல் பக்கம் ஒரு கொட்டகையில் அந்தப் பாட்டு இந்நேரம் நின்றிருக்கும், அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.