முனுசாமியின் மனைவிக்கு நான் சொன்ன பதில்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் கூடி நின்றால் வாய் திறக்கவே கூசுகிறவள். இப்படிப்பட்டவள் உங்கள் முன் வந்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறையிலிருந்து திருந்தி வந்த ஒரு மனிதரை மறுபடியும் சிறைக்கு அனுப்பியவள் நான். போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை... நான்தான்!

வழக்கில் என் பெயர் கிடையாது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. போன மாதம் பத்திரிகை ஒன்றில், விடுதலையானவர்கள் ஏன் திரும்பத் திரும்ப உள்ளே போகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். குடி என்றார்கள், கெட்ட சகவாசம் என்றார்கள், வேலை கிடைக்காதது என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வேலை கொடுத்தவளே கெடுத்த கதை அதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆவடி மார்க்கெட் பக்கத்தில் என் கணவர் தையற்கடை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ரிசர்வ் போலீஸ் முகாம் ஆட்களின் சீருடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. எண்பதுகளின் கடைசியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துணி வெட்டுவது அவர் கையில் இருந்த வேலை. எனக்குப் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கத் தெரியும், பித்தான் வைக்கத் தெரியும், பெண்களுக்கு ரவிக்கை தைக்கத் தெரியும். காக்கித் துணியில் கத்தரி வைக்கத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரியவர் முனுசாமியை அழைத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிலுக்குப் போய்க் கைதிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். பூட்டிய வீடுகளை உடைத்த வழக்கில் முனுசாமி சில வருடம் உள்ளே இருந்தவர். போகும்போது கைநாட்டு. வரும்போது பேப்பர் படிப்பார். வார்டர்களின் காக்கியைத் தைத்தே தொழிலையும் கற்றுக்கொண்டிருந்தார்.

நன்றாக வெட்டுவார். வெட்டிய துணியைச் சுருட்டி, வாடிக்கையாளரின் பெயரைக் காகிதத் துண்டில் எழுதிக் குத்திவைப்பார். எழுத்து ஒவ்வொன்றும் பலகையில் வாத்தியார் எழுதுவதுபோலப் பெரிதாக இருக்கும். எழுதி முடித்ததும் ஒருமுறை தள்ளி நின்று பார்த்துக்கொள்வார்.

என் கடைக்கு வருகிறவர்களோ போலீஸும் முகாம்காரர்களும். ஜெயிலில் இருந்தவன் அளவெடுக்கிறான் என்று தெரிந்தால் நிற்பார்களா? அதனால் முதல் நாளே சொல்லிவிட்டேன்: கடையில் உங்கள் பெயர் செல்வம்.

அவர் சிரித்தார். "உள்ள நம்பர் குடுத்தாங்க. நீ பேராச்சும் குடுக்கிறியே. இருக்கட்டும்க்கா."

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் யாரைக் காப்பாற்றினேன்?

அவருடைய மனைவி, பெண் குழந்தையோடு திருத்தணிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். முனுசாமி முன்பெல்லாம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் திருடப் போவாராம். அதனால் அவர் வாயிலிருந்து வரும் எதையும் அந்தப் பெண் நம்பத் தயாராக இல்லை. பெரியவர் நேரில் போய்ப் பேசினார். ஒரே ஒரு தடவை கடைக்கு வந்து பார்க்கட்டும், மெஷினில் உட்கார்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று முனுசாமி சொல்லியனுப்பியிருந்தார். பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பெரியவர் உடம்புக்கு முடியாமல் வெளியூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். கடையில் பெயர் மாற்றிய விஷயம் அவருக்குத் தெரியாது.

எனக்கு எல்லாம் தெரியும்! அதை மறந்துவிடாதீர்கள். முனுசாமி தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தது எதற்காக என்று எனக்குத் தெரியும். வெளியே போய்விட்டு வந்தால், யாராவது வந்தார்களா என்று முதலில் கேட்பாரே, அது எதற்காக என்றும் தெரியும்.

தீபாவளிக்கு முந்திய மாதம். நூலும் காலருக்குக் கேன்வாஸும் வாங்க அவர் அம்பத்தூருக்குப் போயிருந்தார். கடை பெஞ்சில் ஒரு ஏட்டும், முகாம்காரர் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

"இங்க முனுசாமினு ஒருத்தர் கீறாராமே... ஜெயில்ல தையல் கத்துக்கினு வந்தவரு."

பெஞ்சில் பேச்சு நின்றது. ஏட்டு தலையை நிமிர்த்திப் பார்த்தார், அவளை அல்ல, என்னை. எனக்குக் காது சுட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றேன்.

அவள் கடைப் பலகையைப் பார்த்தாள். உள்ளே இருந்த காலி மெஷினைப் பார்த்தாள். இந்த அடையாளம்தான் சொன்னார்கள் என்றாள். இங்கே தைப்பவர் பெயர் செல்வம், வேறு ஆள் இல்லை என்று நான் மேலும் சொன்னேன். கேட்காததற்கும் பதில் சொன்னேன்! வாயே திறக்காதவளுக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு பேச்சு?

அந்தச் சிறுமி, அப்பா இல்லையா என்று கேட்டாள்.

"உங்கப்பன் திருந்தவே மாட்டாருடி" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரல். "இதுவும் பொய்யாத்தான் சொல்லிக்கினு கீறாரு. வா, வண்டிக்கு நேரமாவுது."

போய்விட்டார்கள்.

நான் எழுந்து போயிருக்கலாம். தெருமுனையில் பிடித்து, காதோடு சொல்லியிருக்கலாம். ஏட்டும் மற்றவர்களும் துணியைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள். ரயில் நிலையம் கூப்பிடு தூரம். கடையைச் சாத்திவிட்டு ஓடியிருக்கலாம். வெட்கத்தால்தான் வாய் அடைத்தது என்றால், எல்லோரும் போன பிறகு வெட்கம் ஏது?

இங்கேதான் கை எழுத மறுக்கிறது...

கடை காலியானதும் எனக்கு வேறொன்று தோன்றியது. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் அவள் அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளே! தீபாவளித் துணி அலமாரி நிறையக் கிடக்கிறதே! யார் வெட்டுவது? நீங்கள் வேறு ஏதாவது நினைத்தால், அது இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட மனிதத்தனம் என்று சொல்லிக்கொள்வேன். எனக்குக் கடைதான்... வெறும் கடைதான்.

மத்தியானம் முனுசாமி வந்தார். யாராவது வந்தார்களா என்றார். இல்லை என்றேன். தீபாவளி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி முடிந்தது. பொங்கலுக்கு என்று தள்ளிவைத்தேன். சொல்லாத ஒவ்வொரு நாளும், சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

பொங்கலுக்கு அவரே ஊருக்குப் போனார். குழந்தைக்கு மிச்சத் துணியில் ஒரு பாவாடை தைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே அந்தப் பாவாடையோடு திரும்பி வந்துவிட்டார். மச்சான் வாசற்படி ஏற விடவில்லையாம். பேச வாய் எடுத்தாலே, பொய் சொன்னது போதும் போ என்று விரட்டினானாம். மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லையாம்.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்து அந்தப் பாவாடையை மடித்துவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னா பொய்க்கா சொன்னேன்?"

நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். பல் நூலின்மேல் இருந்ததால் பேச முடியாதவள்போல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களால் ஊகிக்க முடியும். பேப்பர் படிப்பதை நிறுத்தினார். வேலைக்கு வராத நாட்கள் கூடின. வந்தாலும் சாராய வாடை அடித்தது. பழைய கூட்டாளி ஒருவன் கடை எதிரில் சைக்கிளோடு வந்து நிற்க ஆரம்பித்தான். நான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருமுல்லைவாயிலில் பூட்டிய வீடு ஒன்றில் பிடிபட்டார்.

செய்தி சொன்னவர் அதே ஏட்டு. உங்க செல்வம் பழைய கேடியாமே, தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "இவனுங்களுக்கு ஜெயிலுக்குள்ள படிப்பு வேற, தொழில் வேற. கவர்மெண்ட் காசுக்குக் கேடு. இதுங்கல்லாம் மாறுமாம்மா?" என்றார்.

"மாறாது சார்" என்றேன்.

ஆமாம்... அதையும் சொன்னேன்.

பூந்தமல்லி கோர்ட்டில் அவரைக் கொண்டுவருகிற நாள் தெரிந்தது. அன்றாவது சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். உங்கள் மனைவி வந்தாள், நான்தான் விரட்டினேன்... அவ்வளவுதானே! எத்தனை சின்ன வாக்கியம்!

வராந்தாவில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது, அதைக் கையால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ இன்னாத்துக்குக்கா இங்கெல்லாம் வந்தே? என்னால உன் கடைக்குப் பேரு கெட்டுப் போச்சு. மன்னிச்சுக்கக்கா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! என்னிடம்!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளோடு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அவருக்குத் தண்டனை ஆனது. அதற்குப் பிறகு எங்கே இருக்கிறார், அந்தச் சிறுமி என்ன ஆனாள், எனக்குத் தெரியாது. தேடினேனா என்று கேட்கிறீர்களா? இல்லை. தேடவில்லை.

கோர்ட்டுக்குப் போய்வந்த மறுநாள் வழக்கம்போல் கடையைத் திறந்தேன். முகாமுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் காக்கித் துணியோடு வந்தார். இங்கே செல்வம் என்று ஒருவர் நன்றாகத் தைப்பாராமே, இல்லையா என்று கேட்டார். அவருடைய மனைவி வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றேன். வெட்ட வேறு ஆள் வருவார் என்று சொல்லி, துணியை வாங்கி உள்ளே வைத்தேன்.