தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அடம்பிடிக்கிற பிள்ளைகள் தாயைப் பார்த்து, "என்னைத் தவிட்டுக்கா வாங்கினே?" என்று கேட்பது எல்லா வீட்டிலும் உண்டு. நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள். அன்றைக்குப் பயந்த மாதிரி நான் வேறு எதற்கும் பயந்ததில்லை. இத்தனைக்கும், அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்தாயிற்று.

அப்போது நாங்கள் பினாங்கில், சுங்கை பினாங்கு ஆற்றோரத்தில் குடியிருந்தோம். பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. அப்பாவுக்குத் துறைமுகத்து லாஞ்சுப் படகில் வேலை. போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலை காட்டுவார். பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பம் வாத்து வளர்த்தது. அந்த வீட்டு அம்மாளை நான் 'அச்சிம்' என்று கூப்பிடுவேன். சின்னம்மா மாதிரி அது ஒரு சீன முறை. அவள் மகள் சொல்லித் தந்தது. அந்த மகள்தான் என் சிநேகிதி. எங்கள் இருவருக்கும் ஏழு வயது. எங்கள் அடுப்படியிலேயே கிடந்து கிடந்து அவள் தமிழ் பேசக் கற்றிருந்தாள். எனக்கு அவள் பாஷை வரவில்லை. நான் அப்போதே கொஞ்சம் சோம்பேறி.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்மாரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அந்த வருஷம் எனக்கும் காய்ச்சல் வந்தது. எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் நான் பிழைத்துவிட்டேன் என்பதை அம்மா நம்பவில்லை. பிள்ளை தங்காத வீட்டில், இருக்கிற பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டால் தங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் தேடி வந்தாலும், 'இது அவள் பெற்ற பிள்ளை இல்லை போலிருக்கிறதே' என்று போய்விடுவானாம். எமன் அத்தனை அசடு என்று அம்மா முழு மனசாக நம்பினாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அம்மா என்னைக் குளிப்பாட்டி, அச்சிம் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், முறத்தில் உட்காரவைத்தாள். ஏழு வயதுப் பிள்ளை முறத்தில் எப்படிக் கொள்ளும்? கால் இரண்டும் வெளியே கிடந்தன.

"விக்கிற பண்டம் பேசக் கூடாது. நான் வாங்கிக் கூப்பிடுற வரைக்கும் வாயத் திறக்காத. திறந்தே, எல்லாம் வீணாப் போயிரும்" என்றாள்.

அம்மாவுக்கு மலாய் பத்து வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு, பிள்ளை இனி உன்னுடையது என்று அச்சிமுக்குச் சொல்லிவிட்டாள். அச்சிமுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நோஞ்சான் பிள்ளையைப் பேருக்கு வேறு வீட்டில் கொடுத்து அங்கேயும் ஒரு அம்மா உண்டு என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடமும் இருந்தது. சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தி, மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

அம்மா வீட்டுக்குப் போய்ப் படி நிறையத் தவிட்டோடு திரும்பி வந்தாள். "தவிட்டுக்கு ஒரு புள்ள தருவீங்களா?" என்று தமிழில் முறையாகக் கேட்டாள். பிறகு மலாயில், "அம்பெல், அம்பெல்" என்று படியை நீட்டினாள். எடுத்துக்கோ, எடுத்துக்கோ.

அச்சிம் தவிட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "தா மௌ" என்றாள். வேண்டாம். அம்மா மறுபடி நீட்டினாள். அச்சிம் படியைத் தள்ளினாள். அம்மா விடாமல் அவள் கையில் திணிக்கப் பார்த்தபோது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைத் தொடவில்லை. "வாங்காமக் கூட்டிட்டுப் போனா அது பழைய புள்ளதானே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, படியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிநேகிதிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என்னை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த நீலக் கரை போட்ட கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளுடைய தங்கச்சிக்காக வாங்கி வைத்த கிண்ணம். அந்தக் குழந்தை சோறு தின்னும் வயசு வருமுன்னே, நிபோங் திபால் ஊரிலிருந்து பிள்ளையில்லாத ஒரு தமிழ்க் குடும்பம் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெண் குழந்தையை அப்படிக் கொடுப்பது அந்தக் காலத்தில் சீனர் வீடுகளில் நடக்கிற காரியம். வெள்ளைத் துண்டில் சுற்றி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொண்டுபோனதை நானும் வேலியோரம் நின்று பார்த்தேன்.

"தங்கச்சி போனா, நீ வந்துட்டே. இது இனிமே உன்னோடதுலா" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று. வாயைத் திறந்தால் எல்லாம் வீண்.

"உங்கம்மா குடுத்தாலும் எங்கம்மா வாங்கமாட்டா. தங்கச்சியத் தூக்கிட்டுப் போன அண்ணே அரிசி குடுத்தாரு, துணி குடுத்தாரு. அம்மா ஒண்ணும் தொடல. வாங்கினா வித்த மாதிரி ஆயிருமாம். புள்ளையக் குடுப்பாளாம், விக்கமாட்டாளாம்." பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "தங்கச்சி திரும்பி வரல. நீயும் போகமாட்டே, இல்ல?" என்றாள்.

அவள் ஆசையாகத்தான் கேட்டாள். அச்சிம் நல்லவள், ஒருநாளும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நல்லவளே என்னை விடமாட்டாள் என்பதுதான் பயமாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் கடித்துவிட்டு ஓடியிருப்பேன்.

அந்தக் கிண்ணத்தில் அச்சிம் கஞ்சி ஊற்றி, உப்பு வாத்துமுட்டையைப் பாதியாக வெட்டி வைத்தாள். என்னால் விழுங்க முடியவில்லை. பலகை இடுக்கு வழியாக எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்துவிட்டால் தவிடு, உப்பு எதையும் அம்மா வீட்டைவிட்டு வெளியே கொடுக்கமாட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, அன்றைக்குப் பகலிலும் கொடுக்கமாட்டாள். அதற்குள் இந்த வீட்டில் என் பாய் விரிந்துவிடும். விரித்த பாயை யார் சுருட்டுவார்கள்?

அம்மா படியோடு வேலிவரைக்கும் வருவாள், அச்சிம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அம்மா திரும்பிப் போவாள். கடைசியில் அம்மா அடுப்படிக்குப் பின்னால் குந்தி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்கு நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது.

வாத்துகளை அடைக்கப் போன சிநேகிதியும் அதைப் பார்த்திருந்தாள். உள்ளே வந்து என் பாவாடையையும் காலடி ஈரத்தையும் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"உங்கம்மா அழறாங்க. எங்கம்மாவும் அப்படித்தான் குந்திக்கிட்டு அழுதா, வாத்துக் கூண்டுக்குப் பின்னால" என்றாள். என் முகத்தைப் பார்த்து, "உனக்கு இங்க வேணாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் மறுபடி அசைத்தேன்.

வாத்துக்குத் தீனி வைக்கிற தகரத் தட்டை ஒரு கையில் எடுத்தாள். மறுகையால் என்னைப் பிடித்து வேலிக்கு இழுத்துப் போனாள்.

"அத்தே, வாத்துக்குத் தவிடு குடுங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "பெரியவங்க வாங்கணும்மா."

"அம்மா வாங்கமாட்டா. நானும் இந்த வீட்டு ஆள்தானே."

அம்மா மேற்கே பார்த்தாள். வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அச்சிம் கூண்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"தவிட்டுக்கு ஒரு புள்ள தருவியா?" என்றாள் அம்மா.

சிநேகிதி என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. வலித்தது. மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"தாரேன்" என்றாள். கையை விட்டாள். தட்டை நீட்டித் தவிட்டை வாங்கிக்கொண்டாள்.

அம்மா வேலியைத் தாண்டி என்னை அள்ளித் தூக்கினாள். "என் மகளே, என் மகளே" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வாங்கின பிள்ளை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று என் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அம்மா விளக்கேற்ற உள்ளே போனதும் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிநேகிதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாத்துகளுக்குத் தவிட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது தீர்ந்ததும் உள்ளே போய் அந்த நீலக் கரைக் கிண்ணத்தை எடுத்து வந்து, நான் தொடாத கஞ்சியையும் அவற்றுக்கே கொட்டினாள். பிறகு கிண்ணத்தைக் கழுவிப் பாவாடையில் துடைத்து, திறந்திருந்த வாசல் வழியே தெரிந்த அலமாரியில் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.