பாரசீகமும் பதுங்குகுழி அம்மனும்

யுத்தம் நடந்த காலத்தில் நான் பாரசீகமாக இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த மெலிந்த பெண் கிரேக்கம். முன் வாங்கில் எகிப்து. கடைசி வாங்கில், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருந்த பையன் ரோமாபுரி. எங்கள் சரித்திர மாஸ்டருக்குப் பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்காது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தேசத்தைப் பிரித்துக் கொடுத்ததுதான். காலையில் இடாப்புக் கூப்பிடும்போதும், "எகிப்து?" என்பார். "இருக்கிறன் சேர்" என்று எகிப்து எழும்பும். உலகம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் பாடம் தொடங்கும். ஒரு தேசம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்றைக்கு மாஸ்டரின் முகத்தில் களையே இராது.

உலக சரித்திரப் புத்தகம் வகுப்புக்கு ஒன்றே ஒன்று. தடித்த அட்டை போட்டு, படங்களோடு, அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தது. எந்தத் தேசத்தின் பாடமோ அந்தப் பிள்ளைதான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வர வேண்டும். எழும்பி நின்று உரக்க வாசிக்கவும் வேண்டும். மாஸ்டர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுப்பார். இடது பக்கம் 'கேள்விப்பட்டது', வலது பக்கம் 'கண்டது'. நாங்கள் எதைச் சொன்னாலும், அது எந்தப் பக்கம் என்று கேட்பார். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பறங்கியர் மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்தபோது சாமிகளை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள் என்று ஊர் முழுக்கக் கதை உண்டு. நான் அதைச் சொன்னபோது மாஸ்டர் கொஞ்சமும் இரங்காமல் இடது பக்கத்தில்தான் எழுதினார். அவர் கோயிலுக்குப் போகாதவர் என்றும், சாமி வீதியுலா வந்தால்கூடச் சப்பாத்தைக் கழற்றாதவர் என்றும் பேச்சு இருந்தது. அதனால் அவர் மேல் எங்களுக்குப் பயமும் இருந்தது, ஒருவகை மதிப்பும் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் பறங்கியர் கட்டிய கோட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்தது. யன்னலால் பார்த்தால் கடல். பாடத்தில் கப்பல் வந்த நாட்களில் யன்னலிலும் கப்பல் வந்தது. சாம்பல் நிறத்தில், கோபுரம் கோபுரமாக அடுக்கிய யுத்தக் கப்பல்கள். அவை சத்தமில்லாமல் துறைமுகத்தை நோக்கிப் போகும்போது எங்கள் வகுப்பில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. தலைப்பாகை கட்டியவர்கள், சுருட்டை மயிர்க்காரர்கள், வெயிலில் இறால்போலச் சிவந்த வெள்ளைக்காரர்கள் என்று, புத்தகத்தில் படமாக இருந்த மனிதர்கள் எல்லாம் எங்கள் சந்தைக்கு வந்து வாழைப்பழம் வாங்கினார்கள். சரித்திரம் என்றால் முடிந்துபோன விஷயம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அது எங்கள் ஊருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். இரவில் படுத்திருக்கும்போது அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஜப்பான்காரரிடம் சிங்கப்பூர் விழுந்த சேதி வந்த பிறகு ஊரின் முகம் மாறிவிட்டது. தலைமையாசிரியர் பள்ளிக்கூட வளவுக்குள் பதுங்குகுழி வெட்ட ஏற்பாடு செய்தார். சைரன் ஊதினால் நாங்கள் ஓடிப்போய் அதற்குள் இறங்கிக் குந்தியிருந்து, பல்லுக்கு நடுவே ஒரு ரப்பர்த் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். குழி வெட்டி முடிந்த பிறகு, அதற்குச் சம்மதம் என்று பெற்றோர் கடிதம் தந்தால்தான் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரலாம்.

குழியைப் பார்க்க வந்த தாய்மார் இரண்டடி பின்வாங்கினார்கள். ஆளுயர ஆழம், ஒடுங்கிய அகலம், இரண்டு பக்கமும் குவித்த புதுமண். அவர்கள் கண்ணுக்கு அது வேறு எதுவாகத் தெரிந்திருக்கும்?

"உயிரோட இருக்கிற பிள்ளையைக் கிடங்குக்குள்ள இறக்கவோ நான் பள்ளிக்கூடம் அனுப்பினனான்?" என்றார் அம்மா. "எனக்கு ஏலாது."

மற்றத் தாய்மாரும் அதையேதான் சொன்னார்கள். பதினெட்டுத் தேசத்தில் இரண்டு தேசத்தின் கடிதம்தான் வந்தது. அப்பா சுங்கக் கந்தோரில் கிளாக்கர். யுத்தகாலத்தில் அவருக்கு லீவு கிடையாது. அதனால் என்னை மட்டும் குச்சவெளியில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று அம்மா முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைக்கு மாட்டுவண்டி சொல்லியாயிற்று. அப்பாவிடம் முறையிட்டேன். வீட்டு விஷயங்களில் அவர் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பையே சொன்னார்: "அம்மாவைக் கேள்."

நான் அழுத அழுகை குண்டுக்குப் பயந்து அழுததல்ல. அடுத்த கிழமை பாரசீகப் பாடம். அந்தப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு வரும் நாளுக்காக நான் நாலு மாதம் காத்திருந்தேன். இனி என்னோடு பாரசீகமும் வண்டியேறி, குச்சவெளியில் ஆடு மேய்க்கப் போய்விடும்.

புதன்கிழமை காலை அம்மாவும் ஏழெட்டுத் தாய்மாரும் தலைமையாசிரியரோடு வாதாட வந்து, வேப்பமரத்தடியில் நின்றார்கள். வேலையாட்கள் குழியின் கடைசி மூலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வகுப்பில் இருந்தோம். திடீரென்று வெளியே 'கிணீர்' என்று ஒரு சத்தம். கோயில் மணியை ஒரே ஒரு தரம் அடித்ததுபோல இருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். யன்னலுக்கு நேர் கீழே, வெட்டிக்கொண்டிருந்த அந்த மூலையின் அடியில், ஈரக் களிமண்ணுக்குள் இருந்து உருண்டையாக, கறுப்பாக ஒரு தலை தெரிந்தது.

"சாமி!" என்று கத்தினேன். "சாமி வந்திட்டுது!"

அதற்குப் பிறகு வகுப்பு எங்கே, பாடம் எங்கே! எல்லாத் தேசமும் குழிக்கரைக்கு ஓடின. தாய்மார் ஓடி வந்தார்கள். குழி வெட்டியவர்களில் மூத்தவர் மண்வெட்டியோடு கரையேறி நின்றார். எங்களை விலக்கிக்கொண்டு வந்த மாஸ்டர், வெள்ளைக் கால்சட்டையோடு குழிக்குள் குதித்தார்.

அவர் முழந்தாளிட்டு, அதன் மேல் இருந்த மண்ணை விரலால் சுரண்டினார். அதன் இடுப்பைச் சுற்றி ஒருதரம் பெருவிரலை ஓட்டினார். நிமிர்ந்து கரையைப் பார்த்தார். அங்கே என் அம்மா தலைமேல் கை குவித்து, கண்ணீர் வழிய நின்றார். மாஸ்டர் இரண்டு கையாலும் அந்த உருண்டையைப் பிடித்து, தம் பிடித்துப் பாதி சுற்றுச் சுற்றிக் களிமண்ணுக்குள் அமர்த்தினார். தேங்காய் அளவான ஒரு பொருளை அசைக்க ஒரு வளர்ந்த ஆம்பிளை அவ்வளவு பாடுபட்டது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு சப்பாத்தைக் கழற்றினார். எழும்பினார். கைகூப்பினார்.

மெய்சிலிர்த்துப் போனேன். ஆனால் மாஸ்டருக்குக் கும்பிடும் முறை தெரியவில்லை. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையில் நின்ற அந்த மூத்த வேலையாளைப் பார்த்தல்லவா கும்பிட்டார்! நானும் கிரேக்கமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மூத்தவர் மண்வெட்டியின் மழுங்கிப்போன வாயைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் ஐயா," என்றார். "சாமிதான்."

அரைமணிக்குள் பால் வந்தது, மஞ்சள் வந்தது, கற்பூரம் வந்தது. ஊற்றிய பால் சாமியின் தலையில் பட்டுச் சிவப்பாக வழிந்தது. "அம்மன்!" என்று ஒருத்தி கூவ, பெண்கள் எல்லோரும் குரவையிட்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரரான தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கடலில் ஏதோ அவசர வேலை இருப்பவர்போல அந்தப் பக்கம் பார்த்தார். குழியின் வாசலில் ஒரு கல்லை வைத்து, மாஸ்டரே அம்மனைத் தூக்கி அதன் மேல் வைத்தார். முன்பு அவர் சுரண்டிக் களிமண்ணில் பதித்த பக்கமே இப்போதும் கீழே, கல்லோடு ஒட்டி இருந்தது.

மறுநாள் எல்லாத் தேசத்தின் கடிதமும் வந்துவிட்டது. அம்மன் காவல் இருக்கும் இடத்தில் பிள்ளை இருக்கச் சம்மதம் என்று அம்மா தன் கையாலேயே எழுதினார். வெள்ளிக்கிழமை வந்த வண்டிக்காரர் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். அடுத்த கிழமை நான் பாரசீகத்தை வாசித்தேன். அவ்வளவு உரக்க வாசித்ததில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார்.

பாடம் நகர்ந்து, ஐரோப்பியர் கப்பலேறிக் கீழைத்தேசம் வந்த கட்டத்துக்கு வந்தது. அன்று புத்தகத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடந்தன. தொட்டால் பிசுபிசுத்தது, சோற்றுப்பசை மணந்தது. "பூச்சி அரிச்ச பக்கம், விட்டிட்டு மற்றதை வாசியுங்கோ" என்றார் மாஸ்டர். படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசிக்க வைப்பவர். எனக்கு அவர் மேல் சரியான கோபம் வந்தது.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலை, இடாப்புக் கூப்பிடுவதற்கு முன்னரே சைரன் ஊதியது. ஓடினோம். ஒவ்வொருவராக அம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கினோம். அம்மனைத் தொட்ட கையில் ஒரு குளிர்ச்சி ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பயமே வரவில்லை. பிறகு வானம் இடிந்தது. நிலம் ஒரு மிருகம்போல முதுகை உதறியது. இரண்டு பக்கச் சுவரில் இருந்தும் மண் எங்கள் தலையில் சொரிந்தது. அந்த இரைச்சலுக்குள் மாஸ்டரின் குரல் கேட்டது.

"எகிப்து?"

"இருக்கிறன் சேர்!"

"கிரேக்கம்? பாரசீகம்? சீனம்?"

ஒவ்வொரு தேசமாக இருட்டுக்குள் இருந்து பதில் சொல்லிற்று. உலகம் முழுவதும் அந்த ஒடுங்கிய குழிக்குள் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு இடாப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"ரோமாபுரி?"

பதில் இல்லை.

"ரோமாபுரி?" மாஸ்டரின் குரல் உடைந்தது. "மோனே, ரோமாபுரி!"

குழியின் கடைசியில் இருந்து யாரோ துப்பும் சத்தம் கேட்டது. "ரப்பரைக் கடிச்சுக்கொண்டு எப்பிடிச் சேர் கதைக்கிறது?"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

வெளியே வந்தபோது விமானத்தளம் இருந்த சீனன்குடாப் பக்கம் கரும்புகை எழும்பி வெயிலை மறைத்திருந்தது. எங்கள் வகுப்பின் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. நானும் கிரேக்கமும் இருக்கும் வாங்கின் மேல் ஒரு வளை மரம் குறுக்கே கிடந்தது. தலைவிரி கோலமாக ஓடி வந்த அம்மா முதலில் அம்மனின் காலடியில் விழுந்தார். பிறகுதான் என்னைக் கட்டிப் பிடித்தார்.

"அம்மன்தான், மாஸ்டர், பிள்ளையளைக் காப்பாத்தினவ" என்றார்.

கேள்விப்பட்டதோ கண்டதோ என்று மாஸ்டர் இப்போது கேட்கப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "ஓம் அம்மா" என்றார் அவர். அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கடைசியில் அவரும் வலது பக்கத்தில் எழுதிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரமே ஊர் காலியாயிற்று. நானும் குச்சவெளிக்குப் போனேன். யுத்தம் முடிந்து பள்ளிக்கூடம் பழையபடி நடக்கத் தொடங்கியபோது மாஸ்டர் இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். பெரிய வகுப்புப் பிள்ளையாகிவிட்ட என்னிடம் அலுமாரியைத் துப்புரவாக்கும் வேலையைத் தந்தார்கள். புத்தகம் அங்கேயே இருந்தது. சோற்றுப்பசைக்கு வந்த பூச்சி, மாஸ்டர் சொன்னதை மெய்யாக்கி, ஒட்டியிருந்த விளிம்பை அரித்துத் தின்றிருந்தது. தாள்கள் தாமாகவே விரிந்தன.

ஒரு கோட்டை மதில். அதன் மேல் ஒரு பீரங்கி. பக்கத்தில் தேங்காய் குவித்ததுபோல இரும்புக் குண்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. அச்சில் வார்த்த குண்டில் அப்படி ஒரு வரி விழும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

வளவுக்குப் போனேன். தூர்ந்துபோன குழியின் வாசலில் அம்மன் பட்டுக் கட்டி, எண்ணெய் மினுங்க இருந்தார். யாரோ அன்று காலையில்தான் பூ வைத்திருந்தார்கள். நான் அம்மனைத் திருப்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் நின்ற திசையில் நின்று பார்த்தேன். மண்வெட்டியோடு அந்த மூத்தவர் நின்ற இடம் நேரே தெரிந்தது. மாஸ்டர் அவரைக் கெஞ்சிக் கும்பிட்டதைப் பார்த்துத்தான் நானும் கிரேக்கமும் சிரித்திருக்கிறோம்.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு பிடி சோறு கூடுதலாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அந்தத் தாள்கள் இரண்டையும் திரும்ப ஒட்டினேன்.